அசையாத தக்காளிக்காரி

சந்தையே இரைந்தாலும் தக்காளிக்காரியின் குரல் தனியாகக் கேட்கிறது. ஒரு கை தராசைப் பிடிக்க, மறு கை பழங்களை அள்ளிப் போடுகிற அந்த வீச்சுக்காகத்தான் ஓவியன் எதிரே கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து பென்சிலை எடுக்கிறான். இரண்டு கோடு இழுப்பதற்குள் அவள் பார்த்துவிடுகிறாள். புறங்கையால் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, கைகளை மடியில் வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல விறைத்துப்போகிறாள். வீச்சு போயே போய்விட்டது. அவன் ஓசைப்படாமல் தாளைத் திருப்பி, அவளை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவனை வரையத் தொடங்குகிறான். "கொஞ்சம் பொறுங்கக்கா, தம்பி என்னைப் படம் போடுறாரு" என்று அவள் உதடு அசையாமல் சொல்ல, பையை நீட்டியவள் பக்கத்துக் கடைக்கு நகர்கிறாள். அடுத்து வந்தவரும் அப்படியே. அவனுக்குக் காது மடல் சுடுகிறது. உள்ளதைச் சொல்ல வாய் எழவில்லை, பென்சில் மட்டும் வெட்கமில்லாமல் ஓடுகிறது. மூக்கில் ஈ உட்கார்ந்தும் அவள் விரட்டவில்லை.

"ஆச்சா தம்பி? காட்டுங்க பாப்போம்." அவன் மூடுவதற்குள் நோட்டை வாங்கிவிடுகிறாள். மூட்டைக்கடியில் வளைந்த முதுகு, புடைத்த கழுத்து நரம்பு. அவள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். அந்த வெள்ளையையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.

"பரவாயில்ல தம்பி." நோட்டை இரண்டு கையாலும் திருப்பித் தருகிறாள். "நான்தான் ஆடிட்டேன்போல."