இலையில் ஒரு கரும்பொட்டு

விடிய விடியப் பெய்த மார்கழித் தூறல் இப்போதுதான் விட்டிருக்கிறது. மலை உச்சியை மேகம் இன்னும் மூடியிருக்கிறது. ஆருத்ரா தரிசனம் முடித்துக் கோயிலிலிருந்து வந்த சந்திரகலா, கட்டிய பட்டுப்புடவையோடு தோட்டத்துக்கு ஓடித் தன் ஹைபிரிட் மஸ்க் ரோஜாவின் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டு ரோஜாக்கள் மருந்தடித்தும் கரும்புள்ளி விழுந்து மொட்டையாக நிற்கின்றன. நோய் தாங்கும் ரகம் என்று நம்பி மருந்தே காட்டாமல் வளர்த்த இவளுடைய செடியிலோ கொத்துக் கொத்தாய் இளஞ்சிவப்புப் பூக்கள். ஈர மண்வாசனையையும் மீறி அவற்றின் மணம் எழுகிறது. ஒரு புள்ளி தெரிந்தாலும் அடித்துவிடுவதாகச் சவால் விட்ட கணவன் தருமன், மருந்துக் கேனோடு பின்னாலேயே வருகிறான். "மழைக்கப்புறமும் ஒண்ணுகூட இல்லீங்க!" என்று அவள் குதிக்காத குறை. "அப்போ இது என்னாவாம்?" அவன் காட்டிய இலையில் கறுப்பாக ஒரு பொட்டு. அவள் சட்டென்று குனிகிறாள். நோய்ப்புள்ளி என்றால் சுற்றிலும் மஞ்சள் படர்ந்திருக்கும். இதில் நெய்யல்லவா மினுங்குகிறது! தன் விரலைப் பார்க்கிறாள். கோயிலில் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்ட, நெய் கலந்த தீப மை அதில் ஒட்டியிருக்கிறது! சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. முந்தானையால் துடைத்ததும் இலை பச்சைப் பசேலென்று மின்னுகிறது. தருமன் கேனைக் கீழே வைத்துவிட்டுச் செடியை மேலும் கீழும் பார்க்கிறான். "ஏன் துடைச்சே? ஊரு கண்ணு பட்டுடப் போவுது" என்று அவள் விரலைப் பிடித்து, அதே இலையில் அழுத்தி ஒரு பொட்டு வைக்கிறான்.