நீலக் கட்டம்

அவள் வானம் பார்ப்பதற்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டார்கள்.

பாத்திரக்கடைக்காரர் பேசிப் பேசி எட்டாயிரம் குறைத்தார்.

வேனின் பின்பக்கம் பொருத்தும் லிஃப்ட். சக்கர நாற்காலியோடு ஆளை இறக்கும், ஏற்றும். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. குறைத்த பெருமையோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அப்போ என்னயத் தூக்க கிலோவுக்கு என்ன வெல விழுது?" என்றாள் அவள்.

லிஃப்ட் அவளை ஆறு வருடம் தூக்கியது.

போன ஆடியில் அவள் போய்விட்டாள்.

இன்று சனிக்கிழமை. மார்க்கெட் வாசல். தரையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த நீலக் கட்டத்துக்குள் வேனை நிறுத்துகிறார்.

இந்தக் கட்டத்தைப் போட வைத்தவளே அவள்தான். வேன் நிற்கிற அளவுக்கு இடம் தருகிறேன் என்றார் அதிகாரி. வண்டி நின்றால் போதுமா, நான் எங்கே இறங்குவது என்றாள் அவள். பின்னால் இன்னும் ஐந்தடிக்குக் கோடு போட வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பேரத்தில் அவருக்கே கொஞ்சம் பொறாமை.

கண்ணாடியில் ஒட்டிய அனுமதிச் சீட்டுக்கு இன்னும் தேதி இருக்கிறது. ஆள்தான் இல்லை.

ஆள் இல்லாத வண்டிக்குக் கட்டம் கிடையாது. அவருக்குத் தெரியும். பார்க்கிங் டோக்கன் கிழிக்கும் சூசைக்கும் தெரியும். சுடுகாடு வரை வந்தவன் அவன். இருந்தும் சனிக்கிழமை காலையில் அங்கே பைக் விட வருகிறவர்களை விசிலடித்து விரட்டுகிறான். வேன் வந்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறான்.

அவர் பின்கதவைத் திறக்கிறார். விசையை அழுத்துகிறார்.

வெறும் லிஃப்ட் கொசு மாதிரி ரீங்கரிக்கும்.

ஆள் இருந்தால் முனகும்.

வீட்டு வாசலில் இப்போதெல்லாம் ரீங்காரம்தான். கடை வாசலிலும் அப்படியே. பட்டறையில் காட்டினார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, இல்லாத குறைக்கு முந்நூறு வாங்கிக்கொண்டான் மெக்கானிக்.

இந்தக் கட்டத்தில் மட்டும் முனகுகிறது.

எடை விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

முனகியபடி மேடை கீழே வருகிறது. தரையைத் தொடுகிறது. ஒரு கணம். பிறகு வேனின் பின்பக்கம் லேசாக மேலெழுகிறது, சுமை இறங்கிய வண்டி மாதிரி.

இனி அவர் கதவில் சாய்ந்து நிற்பார். அவள் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து, விலை கேட்டுச் சிரித்து, போகிற மாதிரிப் போய், திரும்பி வந்து, கறிவேப்பிலையை ஓசியில் வாங்குவதற்கு ஆகிற நேரம். அப்புறம் விசை. முனகல். மேலே. வீடு.

அவ்வளவுதான் சனிக்கிழமை. மற்ற நாட்களை அதற்காகத்தான் தள்ளுகிறார்.

பின்னால் ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது.

பின்சீட்டைக் கழற்றிச் சாய்பலகை வைத்த ஆட்டோ. உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு பெண். மடியில் காலிக் கூடை. பலகையை இறக்கத் தெருவில் வேறு இடம் இல்லை. எங்கும் பைக்குகள்.

"சூசையண்ணே! படம் போட்டிருக்கது எனக்கா, பாத்திரக்கடைக்கா?"

வாழைத்தார் இறக்குகிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அவருக்குக் காது சுடுகிறது. நகர மனம் வரவில்லை. நகர்ந்தால் மனைவியை எங்கே போய் ஏற்றுவது?

சூசை வருகிறான். விசில் வாயிலேயே இருக்கிறது. ஊதவில்லை. காலி மேடையைப் பார்க்கிறான். அவரைப் பார்க்கிறான்.

அவர் பேரத்துக்குத் தயாராகிறார். பத்து நிமிடம் கேட்கலாம். ஐந்துக்குப் படியும்.

சூசை குரலைத் தாழ்த்துகிறான்.

"அண்ணாச்சி, மைனிதான் இறங்கியாச்சுல்லா. வண்டிய எடுங்க. அந்தப் பிள்ளை போனதும் வந்து ஏத்திக்கிடுங்க."

அவர் கேட்டிருக்கக்கூடிய எதையும்விட இது அதிகம்.

விசையை அழுத்துகிறார். மேடை ரீங்கரித்துக்கொண்டு மேலே வருகிறது. இந்தக் கட்டத்தில் அந்தச் சத்தம் கேட்பது இதுவே முதல் தடவை.

சரிதான். இறங்கியாச்சு.

நிறுத்த இடமில்லாமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒரு சுற்றில் பலகை இறங்கிக் கிடக்கிறது. இன்னொன்றில் கட்டத்தில் ஆட்டோ மட்டும். கடைசிச் சுற்றில் அந்தப் பெண், கூடை நிறைய முருங்கைக்காயோடு, பலகையில் ஏறிக்கொண்டிருக்கிறாள். அவரைப் பார்த்துக் கையாட்டுகிறாள். கோபமெல்லாம் தீர்ந்த முகம்.

கட்டம் காலியாகிறது. சூசை கையசைத்து உள்ளே விடுகிறான்.

பின்கதவு. விசை. வெறும் மேடை இறங்குகிறது.

கதவில் சாய்ந்து நிற்கிறார். வெயில் ஏறுகிறது. உள்ளே ஒவ்வொரு கடையாகச் சாக்குப் படுதாவை இழுத்து மூடுகிறார்கள்.

விசை.

ரீங்காரம்.

மறுபடி இறக்குகிறார். அவசரப்பட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் நிற்கிறார். ஏற்றுகிறார்.

ரீங்காரம்.

சூசை இம்முறை வேறு பக்கம் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து, அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"இன்னும் வரலியா, அண்ணாச்சி?"

காவலாளி மார்க்கெட் கேட்டை இழுத்துச் சாத்துகிறான்.

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறார். கூட்டல் தப்பாது அவருக்கு.

இறங்கியது, ஒருவர்.

ஏறியது, இல்லை.

பாக்கி, சந்தைக்குள்.