அந்த ஆள்

"இப்படிக் கெஞ்சுற மாதிரி கேட்டா அந்த ஆள் சிரிச்சே மழுப்பிடுவான். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேளு" என்றார் கணவர், மாடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்தபடி.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மறுநாள் கருத்துக்கேட்புக் கூட்டம். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியிருக்கும் டேட்டா சென்டரில் ஏற்கெனவே பன்னிரண்டு டீசல் ஜெனரேட்டர்கள். புது மின்சார லைன் வர இன்னும் இரண்டு வருடமாகும், அதுவரை சமாளிக்க மேலும் இருபது வேண்டும் என்று கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அவை ஓடும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அவள் பாடம் நடத்துவாள். சாத்தினாலும் பிள்ளைகளின் இருமல் நிற்பதில்லை. மூன்று பேர் பையில் இன்ஹேலரோடு வருகிறார்கள். பெற்றோர்கள் கூடிப் பேசி, கேள்வி கேட்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவளுக்கோ வகுப்பைத் தாண்டினால் மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. அவள் கேட்பாள், கம்பெனியின் மின் பிரிவு மேலாளராகக் கணவர் பதில் சொல்வார். மனிதர் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். கரண்ட் போனால் மட்டும்தான் ஜெனரேட்டர் ஓடும், எல்லாம் விதிப்படிதான் நடக்கிறது என்று அலட்டிக்கொள்ளாமல் அடுக்குவார். இரண்டு முறை அவள் அழுதேவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்கச் சொன்னார்.

"அவசரத்துக்குன்னு வருஷத்துக்கு நூறு மணி நேரம்தானே அனுமதி? நீங்க வாங்கின டீசலைப் பார்த்தா ஆயிரம் மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கே?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அவர் கீழே வைத்தார்.

"இதை எங்க பிடிச்ச?"

"அவங்க அறிக்கையிலேயே கடைசிப் பக்கத்துல இருக்கு. நானே வகுத்துப் பார்த்தேன். சரியா இருக்கா பாருங்க."

நோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அந்த ஆள்கிட்டயே கேளு. கேட்டுட்டு உக்காந்துடாத, பதில் வர்ற வரைக்கும் நில்லு" என்றவர், சட்டையை மறுபடி எடுத்து மடித்தபடி, "அவன் கெட்டவன் இல்லம்மா. சம்பளம் வாங்குறவன், அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் அவள் எழுந்தாள். கேள்வி பிசகாமல் வந்தது. கேட்டுவிட்டு உட்காராமல் நின்றாள்.

மேடையில் மின் பிரிவு மேலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். பக்கத்திலிருந்த இயக்குநர், எழுதி வைத்திருந்த பதிலை அவர் பக்கம் தள்ளினார். மேலாளர் அதைப் பார்க்கவே இல்லை.

"டீச்சர் சொல்றது சரி. போன வருஷம் ஆயிரத்து நூறு மணி நேரம் ஓடிச்சு. அதை அவசரம்னு சொல்ல எனக்கு வாய் வரல. லைன் வர்ற வரைக்கும் புதுசா ஒண்ணுகூட வைக்கக் கூடாது."

 கைதட்டல் ஓய வெகு நேரம் பிடித்தது. தலைமை வகித்த அதிகாரி, அனுமதியை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். மேலாளர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

இந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்த ஒரு சிறுமியின் அம்மா, டீச்சரின் காதருகே குனிந்து அங்கலாய்த்தாள்.

"பாவம், நல்ல மனுஷன். வேலை போயிடும்போல இருக்கே. வீட்டுக்குப் போனா பொண்டாட்டி என்ன சொல்லப் போறாளோ?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மேலாளருக்குத் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.