இரண்டு மூடி

பாட்டிலை மேசையின் நடுவில் வைத்திருந்தார்கள்.

பாதி இருந்தது. மூடியைச் சுற்றி மருந்து கசிந்து, காய்ந்து, கறுத்திருந்தது. சமையலறை அலமாரியில் இருந்தவரை அதை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இங்கே கோர்ட்டுக்கு வந்ததும் அதன் கழுத்தில் எண் எழுதி அட்டை கட்டிவிட்டார்கள்.

தசமூலாரிஷ்டம்.

அவள் கூண்டில் ஏறினாள். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று சொன்னாள். பொய்யை நன்றாகப் படித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

எதிர்ப்பக்கம் அவள் கணவன் கைகட்டி நின்றான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். குடித்துவிட்டு பைக் ஓட்டினான் என்று வழக்கு. தண்டனை விழுந்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் வேலை போகும்.

அன்று மாலை, கால்வாய்க்கரை வளைவில் பைக் மைல்கல்லில் மோதியது. போலீஸ் வந்து ஊதச் சொன்னபோது கருவி நூற்றுப் பத்து காட்டியது; முப்பதைத் தாண்டினாலே குற்றம். காகிதத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.

வக்கீல் தாணுலிங்கம் கெட்டிக்காரர். ரத்தம் எடுக்கவில்லை, ஊதியதை மட்டும் நம்பி வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். பிறகு அவனிடம் ஒன்று கேட்டார். வண்டியை எடுக்கும் முன்னால் மருந்து ஏதாவது குடித்தாயா? இருமல் மருந்து, அரிஷ்டம், எதுவானாலும் சரி.

வீட்டில் அரிஷ்டம் இருக்கிறது என்றான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அரிஷ்டத்தில் போதைச்சத்து தானாக ஊறும். வாயில் அந்த ஈரம் இருக்கும்போது ஊதினால் கருவி ஏமாறும். வக்கீல் பாட்டிலை வாங்கித் திருப்பி, தயாரித்த மாதம் வழக்குத் தேதிக்கு முந்தியதுதானா என்று பார்த்தார். முந்தியதுதான்.

யாருக்கு வாங்கியது என்று அவர் கேட்கவில்லை.

அவனும் சொல்லவில்லை.

அவளுக்கு வக்கீலிடம் மூன்று நாள் பாடம் நடந்தது.

"தேதி மட்டும் மறந்திராத மக்ளே."

மே பத்தொன்பது. மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். அந்தத் தேதியை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வக்கீல் வேண்டியிருந்தது.

கூண்டில் ஒப்பித்தாள்.

"அவியளுக்கு வாயுத் தொந்தரவு உண்டு. மே பத்தொம்பது அன்னிக்கு, சாப்பிட்ட பொறவு நான்தான் ரெண்டு மூடி ஊத்திக் குடுத்தேன். அதக் குடிச்சிட்டுதான் பைக்க எடுத்தாவ."

நன்றாகவே சொன்னாள். கேட்க ஒன்றுமில்லை என்று அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மூடி என்பது பொய்யில்லை.

காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. ஊற்றிக் கொடுத்தவன் அவன். குடித்தவள் அவள். மருந்து மூடிக்கு வெளியே வழியும். பிள்ளை தங்காவிட்டால் என்ன, பிரசவம் பிரசவம்தானே, உடம்பு தேற வேண்டாமா என்று மாமியார் சொல்லி, அவன்தான் கடைக்குப் போய் வாங்கி வந்தான்.

பதினாறாம் நாள் அவளுக்குப் பால் நின்றது. அன்றோடு மருந்தையும் நிறுத்தினாள்.

கால்வாய்க்கரை வளைவில் அவள் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் ஏழாம் மாதம். கல்யாண வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அவன் அங்கே குடித்திருந்தான்.

போலீஸ் வருவதற்குள் ஒரு ஆட்டோ அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் மாமியார் எழுதவைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். மறைந்தும்விட்டது.

அன்றே பெண் பிள்ளை பிறந்தது.

அழவில்லை.

அதற்குப் பிறகு குடிப்பதில்லை என்கிறான். அவளும் நம்புகிறாள், சனிக்கிழமைகள் நீங்கலாக.

அவன் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. பைக்கை ஓட்டியதற்கு வந்த கோபத்தைவிட, பாட்டிலை எடுத்துக் கொடுத்ததற்கு வந்த கோபம் பெரிது. பிள்ளையின் பேரில் அந்த வீட்டுக்குள் வந்த பொருள் அது ஒன்றுதான்.

இறங்கலாம் என்று வக்கீல் கண்ணைக் காட்டினார்.

அவள் ஒரு படி இறங்கினாள்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தியிருந்தார். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. வழக்குக் காகிதம் கையில் இருக்க, கண்ணாடிக்கு மேலாகப் பாட்டிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"இது பிள்ளை பெத்தவங்க குடிக்கிற மருந்தாச்சே. உனக்கு வாங்கினதைத்தான் அவருக்கு ஊத்திக் குடுத்தியா? பிள்ளை எப்பம்மா பொறந்துச்சு?"

வழக்குக்காகக் கேட்டதல்ல. பிள்ளை பெற்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்பது.

வக்கீல் தாணுலிங்கமும் சிரித்துவைத்தார்.

அவள் கணவன் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

இந்தக் கேள்விக்கு யாரும் அவளுக்குப் பாடம் சொல்லித் தரவில்லை.

"உங்க கையில உள்ள பேப்பர்லயே அந்தத் தேதி இருக்கு, மேடம்."

நீதிபதி முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.