இடது காலின் சுழல்

நீந்துபவரின் ஒவ்வொரு உதைக்கும் பின்னால் தண்ணீரில் ஒரு சுழல் எழும். அதைப் படம்பிடித்து ஆராய்வது என் வேலை. என் மகளின் சுழல்களைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். கணுக்கால் முறிந்த பிறகு அவளுடைய இடது சுழல் எப்போதும் நோஞ்சான். வலியை அம்மாவிடம் மட்டும்தான் சொல்வாள்.

அவள் இறந்து ஒரு வருடமாகிறது. தினமும் காலையில், நீச்சல் குளத்தில் ஆள் இறங்கும் முன், அசையாத தண்ணீரை ஒருமுறை படமெடுப்போம். அதில் அவளுடைய அந்தச் சுழல்கள் இருக்கின்றன.

"கேமரா கோளாறு சார், அழிச்சிடவா?" என்று உதவியாளர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

இன்று இரண்டு பக்கமும் ஒரே அளவு. மனைவிக்குப் போன் செய்தேன்.

"நம்ம பொண்ணுக்குக் கால் சரியாயிடுச்சும்மா."

மனைவி கேட்டாள்.

"அப்போ இனிமே அவளுக்கு வலிக்காதுல்லங்க?"