எறும்பு ஏறிய இஞ்சின்

ஆயில் மூடியைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது.

மெக்கானிக் டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். இருபது வருஷமாக இஞ்சினைத் திறந்து மூடுகிறவள். உள்ளே எலி பார்த்திருக்கிறாள், ஒரு தடவை பல்லி முட்டைகூடப் பார்த்திருக்கிறாள். ஆயிலுக்கு எறும்பு வந்து பார்த்ததில்லை.

பக்கத்தில் சர்வேயர் நின்றார். ரிட்டயர்டாகி ஏழு வருஷம் ஆனாலும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். ஆறடி ஆள். சற்றுத் தள்ளி, கைப்பையை மார்போடு அணைத்தபடி அவர் மனைவி. அவர் தோளுக்கும் எட்டாத உயரம்.

விஷயம் இதுதான். சர்வேயருக்குக் கண்ணில் கோளாறு. இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று மூன்று மாதம் முன்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. ஓட்ட ஆளில்லாத வண்டி எதற்கு என்று வீம்பாக ஆள் பிடித்து விற்கவும் பேசிவிட்டார்.

வாங்க வந்த துணிக்கடைக்காரர் இன்று காலை பானெட்டைத் தூக்கினார். ஆயில் மூடியைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார். மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது.

ஹெட் கேஸ்கெட் போனால்தான் அப்படி ஆகும். தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கிற தகடு அது. அது கிழிந்தால் இரண்டும் கலந்துவிடும், இஞ்சினையே பிரித்துப் போட வேண்டும். மெக்கானிக் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மத்தியானமே வந்து எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்று துணிக்கடைக்காரர் கிளம்பிவிட்டார். ஸ்டார்ட் செய்யவே பயந்து, வண்டியின் முன்பக்கத்தை மீட்பு வண்டியில் தூக்கிக் கட்டி இங்கே இழுத்து வந்திருந்தார்கள்.

ஆக, வண்டி வீட்டில் இருப்பதும் போவதும் மெக்கானிக்கின் ஒரு வார்த்தையில் இருந்தது.

ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தாள். சுத்தமான தேன் நிறம்.

ஸ்டார்ட் செய்ய உள்ளே ஏறினாள். முழங்கால் ஸ்டீயரிங்கில் நங்கென்று இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். ரேடியேட்டரில் ஒரு குமிழி இல்லை. பின்னால் வெள்ளைப் புகை இல்லை. பிளக்கைக் கழற்றி அழுத்தம் பார்த்தால், நாலு சிலிண்டரும் அண்ணன் தம்பிகளுக்குள்கூட இல்லாத ஒற்றுமையோடு ஒரே அளவு காட்டின.

திரும்பவும் மூடிக்கு வந்தாள். கொழகொழப்பில் ஒரு விரல் சுற்றிய தடம் இருந்தது. மோந்து பார்த்தாள்.

காபி. பால் ஏட்டில் குழைத்து, சர்க்கரையும் போட்டது.

மெக்கானிக்குக்குப் போன வருஷ சர்வீஸ் நினைவுக்கு வந்தது. எல்லா வண்டிக்காரர்களுக்கும் எடுக்கிற பாடத்தை இவர்களுக்கும் எடுத்திருந்தாள். கையிலிருந்த காபி டம்ளரைக் காட்டி, ஆயில் இந்த நிறத்துக்கு வந்தால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்றாள். சர்வேயர் போனில் மூழ்கியிருந்தார். அந்த அம்மாதான் டம்ளரை எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். சர்க்கரை வரைக்கும் அப்படியே எடுத்துக்கொள்வாள் என்று யார் கண்டது?

நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த பழைய டயரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் போனைக் கையில் எடுத்துவிட்டார். கேஸ்கெட் போச்சா இல்லையா, துணிக்கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

மெக்கானிக்குக்கு முழங்கால் இன்னும் வலித்தது. அதைத் தடவியபோதுதான் உறைத்தது. கதவைத் திறந்து, தான் பின்னால் தள்ளிய சீட்டை முன்னால் இழுத்து, கடைசிப் பல்லில் மாட்டினாள்.

"கேஸ்கெட் கல்லு மாதிரி இருக்கு சார். சீட்டைத்தான் இருந்த இடத்துலயே வச்சிட்டேன். ஓட்டறவங்களுக்குக் கால் எட்டணுமில்ல."

சர்வேயர் சீட்டைப் பார்த்தார். கண் மங்கினாலும் அளந்து பழகிய கண். அந்த இடைவெளியில் அவருடைய ஒரு கால்கூட நுழையாது.

மனைவியைப் பார்த்தார்.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினாள். லைசென்ஸ். வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. இரண்டு மாதமாக, அவர் மத்தியானம் தூங்குகிற நேரம் பார்த்து, பயிற்சிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வண்டியிலேயே பழகியிருக்கிறாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். உங்க கையில இருக்கற சாவியப் பிடுங்கற மாதிரி இருந்துச்சு."

சர்வேயர் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

மெக்கானிக் எறும்பைத் தட்டிவிட்டு, மூடியைத் துடைத்து இறுக்கினாள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நீட்டினாள். பழக்கத்தில் சர்வேயர்தான் வாங்கினார். ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, அவரே அதை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

சுற்றிப் போய் அடுத்த சீட்டில் ஏறினார். அந்தப் பக்கத்து பெல்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள்தான் எட்டி இழுத்து மாட்டிவிட்டாள்.

வண்டி ஷெட் வாசலைத் தாண்டுவதற்குள் அவர், "மெதுவா, மெதுவா" என்றார்.

பதினான்கு வருஷமாக அதே சீட்டில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தவள், அவர் இத்தனை நாள் செய்ததைப் போலவே, காதில் விழாத மாதிரி ஓட்டினாள்.