மாணவர்களுக்கு அனுமதி இல்லை

கணவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அவள் கண்ணில் பட்டது தற்செயல்தான். சாப்பாட்டு மேசையைத் துடைக்கையில் துணி பட்டது, திரை எரிந்தது, அவ்வளவுதான்.

திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் நாலு வரி.

'இந்தத் தளம் தடை செய்யப்பட்டுள்ளது. வகை: ஆபாசம். மாணவர்கள் பார்க்க அனுமதி இல்லை. மீறினால் விடுதிக் காப்பாளரிடம் தெரிவிக்கப்படும்.'

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிப்பதற்குள் கழுத்தெல்லாம் நனைந்துவிட்டது.

மாணவருக்கு வயது ஐம்பத்தாறு. லிஃப்ட் மெக்கானிக். மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.

குளியலறைக் கதவு திறந்ததும் போனை முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அவள்தான். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருந்தேனே என்றாள். ஓட்டல் சலவைப் பிரிவில் ஒரு விரிப்பைப் பார்த்ததுமே இது காப்பிக் கறையா மைக் கறையா என்று சொல்லிவிடுகிறவளுக்கு, சொந்த வீட்டுக் கறை தெரியாமல் போச்சே என்றாள். முப்பது வருஷக் கதை முழுவதும் வரிசையாக வெளியே வந்தது.

அவர் எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நிறுத்தினாள். அவர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"தப்பு பண்ணாதவர்னா வாயத் திறந்து இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? பத்து நாளா ஊமைக்கோட்டான் மாதிரி இருக்கும்போதே எனக்குச் சந்தேகம்."

அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். இன்றைக்கே மகள் வீட்டுக்குப் போவதென்றும், இனி இந்தப் படி ஏறுவதில்லை என்றும் சொல்லிக்கொண்டே நாலு புடவையை உள்ளே எறிந்தாள். போகுமுன் ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றியது. தம்பிக்குப் போன் போட்டாள். இரண்டு தெரு தள்ளி மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன்.

ஹெல்மெட்டும் கையுமாக வந்தவன், பெட்டியைப் பார்த்ததும் அரண்டுபோனான். போனைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"மாமா, எந்த ஹாஸ்டல்ல சேந்தீங்க?"

"சிரிக்காத. என்னன்னு பாரு."

அவன் போனைக் குடைந்தான். மாமா ஓசி வி.பி.என். ஒன்று போட்டிருக்கிறார் என்றான். நாம் எதைப் பார்க்கிறோம், எங்கிருந்து பார்க்கிறோம் என்று பிறருக்குத் தெரியாமல் இருக்க ஜனங்கள் இதைப் போட்டுக்கொள்வார்களாம்.

"மறைக்க ஒண்ணும் இல்லாதவருக்கு எதுக்கு முக்காடு?" என்றாள் அவள்.

"கேளுக்கா. காசு கட்டுற வி.பி.என்.னுக்கு அவங்களே தனி வழி வெச்சிருப்பாங்க. இந்த ஓசியில அது கிடையாது. நம்மள அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்து போக விடுவான். அடுத்தவன் நம்ம வீட்டுக்குள்ள பூந்து போவான். இன்னிக்கு மாமா பூந்தது ஏதோ ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் லைன்ல. அங்க பசங்களுக்குப் போட்ட பூட்டு மாமாவுக்கும் விழுந்திருக்கு."

"பூட்டு அவங்களுது, சரி. போன இடம் இவருதுதானே? ஆபாசம்னு போட்டிருக்கே."

"அத அப்படியே நம்ப முடியாதுக்கா. உடம்பு சம்பந்தமா ரெண்டு வார்த்தை இருந்தாலே சில பூட்டு அப்படி முத்திரை குத்திடும்."

"அப்படின்னா திற. எல்லாரும் பாப்போம்."

முதல் தடவையாகக் கணவர் வாய் திறந்தார். "வேண்டாம் மாப்ளே."

"பாத்தியா," என்றாள் அவள். "திறடா."

தம்பி வி.பி.என்.னை அணைத்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி தட்டினான். சிவப்பு போய் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. கொஞ்ச நேரம் படித்தான். அப்புறம் போனை அக்கா கையில் வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றான். இன்று கடைக்கு விடுமுறை என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பெண்களுக்கான மருத்துவர் ஒருவர் பதில் சொல்லும் பக்கம் அது. கேள்வி கேட்டவர் பெயர் இல்லை.

'என் மனைவிக்கு ஐம்பத்தொரு வயது. மாதவிலக்கு நின்று ஐந்து மாதம் ஆகிறது. ராத்திரி திடீர் திடீரென்று வியர்த்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். தூக்கமே இல்லை. பகலில் எதற்கெடுத்தாலும் கோபம். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். நான் என்ன செய்யலாம்?'

மருத்துவர் பதில் எழுதியிருந்தார். இந்த வயதில் பலருக்கும் வருவதுதான், பயப்பட வேண்டாம். அறையைக் காற்றோட்டமாக வையுங்கள். கோபத்தில் பேசும்போது எதிர்த்துப் பேசாதீர்கள். நிதானமான ஒரு நாளில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே அதே ஆள் நேற்று இன்னொரு கேள்வி போட்டிருந்தார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

'டாக்டர், நீங்கள் சொன்னபடி பத்து நாளாக எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் திட்டுகிறாள். திட்டுவது பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான். அவள் தூங்குவதற்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்கள்.'